இரட்டைக் குழலுக்கு எண்ணெய்

ராயபுரத்தில் துருப்பிடிக்காத பொருள் என்று ஒன்று கிடையாது. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. ஜன்னல் கம்பி, மின்விசிறியின் திருகு, ஜெபமாலையின் சங்கிலி, எல்லாம் ஒரு மழைக்காலத்தில் பழுப்பாகிவிடும். புதுப்பூட்டு வாங்கி வந்தால் முதலில் எண்ணெய் விடுவோம், அப்புறம்தான் சாவியைப் போடுவோம். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். போதாக்குறைக்குத் தையல்காரி. எண்ணெய் விடுவதில் எனக்குக் கை தாராளம். அந்தத் தாராளம்தான் என்னைப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்தவர். வந்த கையோடு லைசென்ஸ் எடுத்து, இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வாங்கினார். திருவொற்றியூரில் ஒரு வங்கிக் கிளையின் வாசலில் கன்மேன் வேலை. அந்த வேலைக்குச் சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைத்தான் எடுப்பார்கள். காலையில் அதை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு மொபெட்டில் கிளம்புவார். சாயங்காலம் அப்படியே திரும்பி வருவார். பத்தொன்பது வருடத்தில் அது ஒரு தடவைகூட வெடித்ததில்லை. பென்ஷன் வாங்க வரும் கிழவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதுதான் அவர் அங்கே செய்த பெரிய வேலை என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார்.

பேச்சே கிடையாது அந்த மனிதரிடம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று எத்தனையோ நாள் கத்தியிருக்கிறேன். கல்யாணமானதிலிருந்து லீவுக்கு லீவு மட்டும் பார்த்த புருஷன், வீட்டோடு வந்த பிறகும் லீவில் வந்தவர் மாதிரியே இருந்தார். தட்டு வைத்தால் சாப்பிடுவார், பாய் போட்டால் படுப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆள்.

காலைப் பூசைக்குப் போய்வந்து இட்லி சாப்பிட்டதும், கூடத்தில் பழைய செய்தித்தாளை விரிப்பார். பீரோவிலிருந்து துப்பாக்கி வெளியே வரும். வந்தவுடன் அதை நடுவில் மடக்கித் திறந்து, தோட்டா போடும் இரண்டு துளைகளையும் என் முகத்துக்கு நேரே காட்டுவார்.

"பாத்துக்கமே. இன்னா கீது?"

"காலி."

"ரெண்டும்?"

"ரெண்டும் காலி."

நான் வாய் திறந்து சொன்னால்தான் அடுத்த வேலை. தலையாட்டினால் போதாது. பட்டாளத்தில் அப்படித்தானாம், ஒருவர் திறக்க வேண்டும், இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தோட்டாக்கள் பிஸ்கட் டின்னில், பீரோவின் உள் அறையில் தனியாக இருக்கும். துப்பாக்கிச் சாவி அவரிடம், தோட்டாச் சாவி என்னிடம். என்னுடைய சாவியைத் தாலிக்கொடியில் கோத்து வைத்திருந்தேன். கொடியில் எதற்கு என்று என் மகள் கேட்பாள். அங்கேதான் தொலையாது என்பேன்.

பிறகு அதை மூன்றாகப் பிரிப்பார். குழல் தனி, குழலுக்கு அடியில் கை பிடிக்கும் சின்னக் கட்டை தனி, தோளில் பதியும் பெரிய கட்டை தனி. நீளக் கம்பியின் நுனியில் பிரஷ்ஷைத் திருகி, மண்ணெண்ணெயில் தோய்த்து, தோட்டா போடும் பக்கத்திலிருந்து முனை வரைக்கும் தள்ளுவார். திருப்பித் தள்ளக்கூடாது, அழுக்கு வந்த வழியே போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் சிந்தி. கிழிந்த வெள்ளை வேட்டியை உள்ளங்கை அளவுக்கு வெட்டி வைத்திருக்கும் துண்டுத்துணிக்குப் பட்டாளத்தில் அதுதான் பெயர். துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடமாட்டார்.

சுடாத துப்பாக்கிக்கு வாரா வாரம் இவ்வளவு குளிப்பாட்டலா என்று கேட்டிருக்கிறேன். "சுட்டா மருந்து அரிக்கும். சும்மா கெடந்தா நம்ம ஊரு காத்து அரிக்கும்" என்றார்.

இந்த வேலை நடக்கும்போதுதான் அவர் பேசுவார். கண் குழலில் இருக்கும், என் மேல் இருக்காது. அதனாலோ என்னவோ பேச்சு வந்தது. பனியில் விரல் மரத்துப்போன ஒரு நண்பனுக்கு அவர் மூன்று மாதம் சோறு ஊட்டிய கதை, என் கடிதங்களைப் பிறர் படித்துவிடாமல் இருக்க பூட்ஸுக்குள் வைத்துக்கொண்டு நடந்தது, எங்கள் மகள் பிறந்த செய்தி பதினோரு நாள் கழித்துக் கிடைத்தது, எல்லாம் எனக்குத் தெரிந்தது அந்தச் செய்தித்தாளின் மேல்தான். குழலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார், என்னையும் பார்க்கச் சொல்வார். உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாகப் போகும். அதற்குமேல் எண்ணெய் விடுவது என் வேலை. தையல் மிஷினுக்கு வைத்திருக்கும் எண்ணெய்க் குப்பியை எடுத்து, இரும்பு தெரியும் இடமெல்லாம் விடுவேன். முடித்ததும், "போதும், போய் சோத்தப் பாருமே" என்பார். நான் உலை வைத்துவிட்டு வருவதற்குள் துப்பாக்கி பீரோவுக்குள் போயிருக்கும்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்தார். துப்பாக்கியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். ஒரு ஷூ கழன்றது. இன்னொன்றைக் கழற்றவில்லை. நான் காபியோடு வந்தபோது குனிந்தபடியே இருந்தார்.

அந்த ஞாயிறு வீடு முழுக்க ஆட்கள். மகள் ஓசூரிலிருந்து வந்து முப்பது நாள் பூசை வரைக்கும் இருந்தாள். அவளுக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். போகும்போது இரண்டு விஷயம் சொன்னாள். "ஒழுங்கா சாப்புடும்மா. அந்தத் துப்பாக்கிய ஸ்டேஷன்ல குடுத்துடு." லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது. அவர் இல்லை என்றால் அது வீட்டில் இருக்கக்கூடாது, உடனே ஒப்படைக்க வேண்டும். எனக்கு அது நன்றாகவே தெரியும். அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தேன். இட்லி சாப்பிட்டேன். மணி ஒன்பதரை. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. பீரோவைத் திறந்தேன், செய்தித்தாளை விரித்தேன், துப்பாக்கியை மடக்கித் திறந்தேன். இரண்டு துளையையும் பார்த்து, "இன்னா கீது" என்று நானே கேட்டேன். "காலி" என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். சவ அடக்கத்தின்போதுகூட அப்படி அழவில்லை.

அப்படியே ஏழு மாதம். கொடுக்க வேண்டும் என்று தெரிந்தே கொடுக்காமல் இருந்தேன். யாரும் வந்து கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மகள் போனில் கேட்டால், "குடுத்துட்டேன்டி" என்று பொய் சொன்னேன். ஞாயிறு தவறாமல் பிரித்துத் துடைத்தேன். எண்ணெய் விட்டேன். இந்தக் காற்றில் விட்டது போதுமோ போதாதோ என்று மறுபடி விட்டேன். மத்தியானம் ஆகும், சில நாள் மூன்று மணிகூட ஆகும். அவர் துப்பாக்கியைப் பீரோவுக்குள் குழல் முனை கீழே இருக்கும்படி, ஒரு துணிப்பொட்டலத்தின் மேல் நிற்க வைப்பார். எனக்கு அப்படித் தலைகீழாக நிறுத்த மனம் வரவில்லை. நேராக, மரியாதையாக, கட்டை கீழே இருக்கும்படி நிறுத்தினேன்.

தேர்தல் அறிவிப்பு வந்தது. தேர்தல் என்றால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். என் வீட்டுக்காரருடைய போன் அடித்தது. அந்தப் போனுக்கு நான் இன்னும் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் ரைட்டர் பேசினார்.

"சார் கீறாரா?"

"தவறிட்டாரு சார். ஏழு மாசம் ஆவுது."

"அப்ப துப்பாக்கி எங்கம்மா?"

"பீரோல பூட்டி கீது. அவரு வெச்ச மாதிரியே. நான் தொட்டதே இல்ல சார்."

அந்தப் பொய் வாயில் தானாக வந்தது. மறுநாள் ஒரு போலீஸ்காரர் வந்து துப்பாக்கியையும் பிஸ்கட் டின்னையும் எடுத்துக்கொண்டார். நான் அவர் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு நடந்தேன். தெருவில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

வருகிற துப்பாக்கிகளைப் பார்த்து நிலைமை எழுதுவதற்காக ஆயுதப்படையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். துப்பாக்கி பழுது பார்ப்பதுதான் அவருக்கு வேலை. வெளியூர்க்காரர், நடுவயது. என் வீட்டுக்காரரின் துப்பாக்கியைத் திறந்து, குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கடற்கரையில இருந்த துப்பாக்கின்னு சொல்லவே முடியாது. ஒரு புள்ளி துரு இல்ல" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்து கட்டையைப் பார்த்தார். இரும்பு முடிந்து மரம் தொடங்கும் இடம் கன்னங்கரேலென்று இருந்தது. அங்கே கட்டைவிரலை அழுத்தினார். எண்ணெய் கசிந்தது. நகத்தை வைத்தார். நகம் மரத்துக்குள் இறங்கியது.

"பெரியவர் எண்ணெயை ஊத்தி ஊத்திக் கட்டையையே கெடுத்துட்டார்" என்றார். "மேல விட்டது எல்லாம் எறங்கி மரத்துல ஊறியிருக்கு. ஒரு படலம் போதும், மிச்சத்தைத் துடைச்சிடணும். முனை கீழ இருக்கற மாதிரி நிறுத்தி வைக்கணும். பட்டாளத்துல இருந்தவர்னு சொல்றீங்க, இதுகூடவா தெரியாது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் இருந்தவரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் அந்தச் சிந்தித் துணிகளைத் துவைப்பேன். அதில் நான்கைந்து எப்போதும் எண்ணெய் சொட்டச் சொட்ட இருக்கும். மண்ணெண்ணெய் வாசனை இருக்காது, தையல் மிஷின் எண்ணெய்தான். ஏன் என்று பத்தொன்பது வருடம் நான் யோசித்ததே இல்லை. என்னைச் சோறு பார்க்க அனுப்பிவிட்டு, நான் விட்ட எண்ணெயை அவர் உட்கார்ந்து துடைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் விட்டது ஆகாதா என்று சண்டைக்குப் போயிருப்பேன். அது அவருக்குத் தெரியும்.

ரைட்டர் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "உரிமையாளரின் கவனக்குறைவால் கட்டை சேதம்."

"அப்டி எழுதாதீங்க சார்" என்றேன்.

"இன்னாம்மா?"

"கெடுத்தது அவரு இல்ல. நானு. அவரு போன பெறகு வாரா வாரம் நான்தான் தொறந்து என் தையல் மிஷின் எண்ண வுட்டேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "தொடவே இல்லன்னு போன்ல சொன்ன?"

"பொய் சொன்னேன்."

"லைசென்ஸ் இல்லாத ஆளு வெச்சிகினு இருந்தாலே கேஸும்மா. நீ தொறந்து வேற பாத்துகினு இருந்தேன்ற. தெரிஞ்சிதான் சொல்றியா?"

"தெரியும் சார்."

"அவரு போய் சேந்துட்டாரு. பேப்பர்ல இன்னா எழுதினா அவருக்கு இன்னா?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. எனக்கு கீது."

எனக்குப் பயம் இல்லை, கோபம்தான். யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. பத்தொன்பது வருடம் ஒரு புள்ளி துரு ஏறாமல் வைத்திருந்த மனிதரை, அவர் பெயர் போட்ட கடைசிக் காகிதத்தில் கவனமில்லாதவர் என்று எழுதவிட மாட்டேன். அதற்காக உள்ளே வைத்தாலும் வைக்கட்டும் என்றுதான் அந்த நேரத்தில் இருந்தது.

ரைட்டர் வெளியூர்க்காரரைப் பார்த்தார். அவர் கட்டையை மறுபடி வாங்கி, திருகைக் கழற்றி உள்ளே பார்த்தார். "உள்மரம் நல்லாத்தான் இருக்கு. இது ஒரு வருஷத்துக்குள்ள ஊறினது. அந்தம்மா சொல்றது சரி" என்றார்.

ரைட்டர் எழுதியதை அடித்தார். புதிதாக எழுதி என் பக்கம் திருப்பினார். குழல் மிக நல்ல நிலை. கட்டையில் எண்ணெய் ஊறியுள்ளது, உரிமையாளர் இறந்த பிறகு ஏற்பட்டது. யாரால் என்று எழுதவில்லை. நான் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். துப்பாக்கியில் ஒரு சீட்டைக் கட்டி உள்ளறைக்கு எடுத்துப் போனார்கள். வெளியூர்க்காரர் அடுத்த துப்பாக்கியைப் பார்க்கப் போய்விட்டார்.

எழுந்தபோது ரைட்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கேக்கறேன்னு தப்பா நெனைக்காதம்மா. மிஷின் தைக்கிற கைன்ற. ரெண்டு சொட்டு போதும்னு உனுக்குத் தெரியாதா? இன்னாத்துக்கு இவ்ளோ ஊத்தின?"

உப்புக்காற்று என்று சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஏழு மாதமாக எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை.

"சீக்கிரம் முடிஞ்சிடுது சார்" என்றேன். "முடிஞ்சிட்டா அப்பறம் ஞாயித்துக்கிழம பூரா கீதே, நான் இன்னா பண்றது?"