நாலு கறுப்புப் பல்லும் ஒரு நடுங்கும் கையும்

பெங்களூரில் வாயைத் திறந்தால் என்ன பாஷை வருகிறது என்று பார்ப்பார்கள். முப்பது வருஷத்தில் எனக்கு அது பழகிவிட்டது. இப்போது பல்லையும் பார்க்கிறார்கள். ஆஸ்டின் டவுன் வீட்டில் ஒரு நாள் கொட்டாவி விட்டதுதான் நான் செய்த குற்றம். மகள் ஷீலா போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்தாள். "மம்மி, நாலு பல்லுல கறுப்பா அடைச்சிருக்கே, அதுல பாதரசம் இருக்குது. அதனாலதான் உனக்குக் கை நடுங்குது." ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் நான். ஒன்றரை மாதமாக ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கை போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

கூட்டிப்போன கிளினிக்கில் வெள்ளைச் சுவர், வெள்ளை சோபா, வெள்ளைப் பல் வைத்த இளம் டாக்டரம்மா. "ஆன்டி, நாலக்கூ தெகீபேகு" என்றார். நாலையும் எடுத்தாக வேண்டுமாம். அப்புறம் விஷம் இறங்க ஒரு மாதம் பச்சை ஜூஸாம். நீட்டிய பாரத்தில் ஒரு கேள்வி: உலோகங்களுக்கு அருகே வசித்ததுண்டா? நன்றாகக் கேட்டார்கள், பிறந்ததே தங்கவயலில். ரிசப்ஷன் பெண் எட்டிப் பார்த்து, "தமிள்நாடா ஆன்டி?" என்றாள். "இல்லம்மா, கர்நாடகானே. கேஜிஎஃப்" என்றேன். "அது தமிள்நாடு அல்வா?" என்றாள். தமிழ்நாடுதானே என்று அவளே முடிவு செய்துகொண்டாள். ஆற்காட்டுப் பக்கம் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் அங்கே நான் கன்னடக்காரி.

தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் சயனைடு மேடு. சயனைடில் கரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் அது. தகரத்தில் உட்கார்ந்து அதில் சறுக்கி விளையாடினோம். காற்றடிக்கும் மாதங்களில் அம்மா சோற்றுப் பானையை மூடிவைப்பாள், அவ்வளவுதான் எங்கள் ஆரோக்கியப் பாதுகாப்பு. பல்வலியில் நான் அழுதபோது ஒரு ஷிப்டை விட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் இந்த நாலையும் அடைத்து வந்தவர் அப்பா. சுரங்கத் தூசியில் வேலை செய்து, கடைசியில் மூச்சு விட முடியாமல் செத்தார். அவர் நுரையீரலை எடுத்துவிட்டு வெள்ளையாக ஒன்று வைக்கலாம் என்று யாரும் பாரம் நீட்டவில்லை. அதை நினைத்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். ஆனால் பயம் கூடவே வந்தது.

அடுத்த வாரம் சர்க்கார் பல் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றேன். நரைத்த டாக்டர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "மூணு கல்லு மாதிரி இருக்குதும்மா, எதுக்கு நோண்டணும்? நோண்டுனாத்தான் பாதரச ஆவி கெளம்பும், நல்ல பல்லும் சேந்து போவும். ஒண்ணு விரிசல் வுட்டிருக்குது, அத மட்டும் மாத்தலாம்." கையைக் காட்டினேன். என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்றார். வீசிங்குக்குப் பஃப் இழுக்கிறேன் என்றேன். "எத்தினி வாட்டி?" எங்கள் தெருமுனையில் மேம்பால வேலைத் தூசி கிளம்பியதிலிருந்து ஒரு நாளைக்கு எட்டு, பத்துத் தடவை என்றேன். "அதனாலயும் கை ஆடும். மொதல்ல மூச்சு டாக்டரப் பாருங்க." பார்த்தேன். மருந்தை மாற்றிக் கொடுத்தார். சயனைடு மேட்டில் சறுக்கியவளை ஆட்டிவைத்தது இந்தப் பூங்கா நகரத்துக் காற்று. பழி மட்டும் தங்கவயல் பல்லுக்கு.

மூன்று வாரம் கழித்து, நூலை ஒரே தடவையில் கோத்த கையோடு விரிசல் பல்லுக்காகப் போனேன். பழைய அடைப்பைத் துண்டு துண்டாக எடுத்து, எச்சரிக்கை ஒட்டிய ஒரு பாட்டிலில் போட்டு இறுக மூடினார் டாக்டர். நாற்பது வருஷம் அதை வைத்துத்தான் கறி மென்றிருக்கிறேன். "ஒரு துண்டு குடுங்க சார், ஊருக்குக் கொண்டுபோறேன்" என்றேன்.

"கூடாதும்மா, இது அபாயக் கழிவு" என்றவர், கையுறையைக் கழற்றியபடி கேட்டார். "எந்த ஊருக்கு?"

ஊசி போட்டதில் பாதி வாய் மரத்திருந்தது. மரக்காத பாதியால் தங்கவயல் என்று சொல்லியிருக்கலாம், ஆஸ்டின் டவுன் என்றும் சொல்லியிருக்கலாம். மரத்துப்போனது நல்லதாயிற்று என்று, பேச வரவில்லை என்பதுபோல் கன்னத்தைக் காட்டிவிட்டு வந்தேன்.