மூன்றாம் அறையில் பூனை

வெர்லாவைப் பார்த்து யாருக்கும் பயம் வராது. அமெரிக்காவின் ஐடஹோவில் உள்ள எங்கள் உருளைக்கிழங்கு ஆலையில் காலை ஷிப்டுக்கு அவர்தான் தலைவி. முழங்கால் வலியால் வாத்து மாதிரி நடப்பார். அதை நான் பின்னால் நடித்துக் காட்டினால், திரும்பாமலே, "இடுப்ப இன்னும் கொஞ்சம் ஆட்டுடா, நான் அவ்வளவு ஒல்லியில்ல" என்பார்.

ஆலையில் ஒரு சொல்லை, நாங்கள் இடுப்பில் மாட்டியிருக்கும் ரேடியோவில் சொல்லக் கூடாது: அம்மோனியா. குளிர் அறைகளுக்குக் குளிர் கொடுக்கிற வாயு அது. கசிந்தால் கண் எரியும், அதிகமானால் ஆளையே முடித்துவிடும். முன்பொருமுறை கிழங்கு வாங்குகிற பெரிய ஆட்கள் சுற்றிப் பார்க்க வந்திருந்தபோது வெர்லா அந்தச் சொல்லை ரேடியோவில் கத்த, வந்தவர்கள் அப்படியே காரில் ஏறிப் போய்விட்டார்கள். மேனேஜர் கிரேசன் எல்லார் முன்னாலும் அவரைக் கிழித்தெடுத்தார். அதற்கப்புறம்தான் வெர்லா ஒரு வழி கண்டுபிடித்தார். அம்மோனியா பூனை மூத்திரம் மாதிரி நாறும். ஆகவே கசிந்தால், "பூனை வந்திருக்கு." கேட்டவர்கள் "மியாவ்" சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். கிரேசனுக்கும் அது பிடித்துப்போனது. நாங்கள் மியாவில் ராகமெல்லாம் போட்டோம்.

நெஸ்டர் புதிதாகச் சேர்ந்தவன். பூனைக் கதையை அவனிடம் யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததைப் போய் யார் சொல்வார்கள்? கார் நிறுத்துமிடத்தில் திரியும் பூனைகளுக்குத் தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்துப் போடுகிறவன் அவன்.

அன்று ரேடியோவில் வெர்லாவின் குரல் வந்தது. "மூணாம் ரூம்ல பூனை. பெரிய பூனை."

மியாவ், மியாவ் என்று வெளியேறினோம். வேலியோரம் தலை எண்ணியபோது நெஸ்டரைக் காணோம். வெர்லா வாயு முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார், அந்த முழங்காலோடு. அவனை அக்குளில் பிடித்து இழுத்து வந்தபோது அவன் கையில் டியூனா மீன் சாண்ட்விச் கசங்கியிருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. இருமலுக்கு நடுவே கேட்டான்:

"பூனை வெளிய வந்துருச்சா?"

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் கூட்டத்தில், எச்சரிக்கையை மீறி நெஸ்டர் உள்ளே போனான், அவனை வேலையில் வைத்திருக்க முடியாது என்றார் கிரேசன். நாங்கள் எல்லாரும் அவரவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அவன் மீறல," என்றார் வெர்லா. "பூனைன்னு சொன்னேன், பூனையத் தேடிப் போனான். நீங்க கத்துவீங்கன்னு பயந்து நான் வச்ச பேரு அது. மேலிடத்துல என் பேரச் சொல்லுங்க."

சொன்னார்கள். நெஸ்டருக்கு வேலை இருந்தது, வெர்லாவுக்குத் தலைமை போனது. இப்போது என் பக்கத்தில் நின்று கிழங்கு பொறுக்குகிறார். நெஸ்டர் திரும்பி வரும்வரை பூனைகளுக்கு டியூனா போட்டதும் அவர்தான்.

கரகரத்த தொண்டையோடு வந்த நெஸ்டர், "உங்களாலதான் உயிரோட இருக்கேன்" என்றான். அடி வாங்கியது போல வெர்லாவின் முகம் சுருங்கியது.

"அப்படிச் சொல்லாத, கண்ணு," என்று கையுறையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்.

நான் இப்போதெல்லாம் அவர் நடையை நடித்துக் காட்டுவதில்லை. "ஏன்டா, மறந்துட்டியா?" என்று அவரே கேட்கிறார். மறந்துவிட்டது என்கிறேன்.