முழுசா இருக்காகளா

சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார் நாறும்பூநாதன். இங்கிலீஷில் எழுதவேண்டுமென்றால் சுற்றுவட்டாரமே அவரிடம்தான் வரும். 1945 ஆவணியில் மேலநீலிதநல்லூரிலிருந்து முருகம்மாள் வந்தாள். பட்டாளத்துக்குப் போன அவள் புருஷன் வெள்ளத்துரை பர்மாச் சண்டையில் காயம்பட்டு, வடக்கே ஓர் ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கார்டு வந்திருந்தது. அதற்குமேல் ஒரு விவரமும் இல்லை.

“அங்கன உள்ள வெள்ளக்கார டாக்டருக்கு எழுதுங்க அண்ணாச்சி. அவுக முழுசா இருக்காகளான்னு கேளுங்க.”

நாறும்பூநாதன் ‘கம்ப்ளீட்’ என்று எழுதி, உடனே அடித்தார். முடிந்துபோனதற்கும் அந்த வார்த்தையைத்தானே போடுகிறார்கள். ‘ஹோல்’ என்று சொல்லிப் பார்த்தார். ஓட்டைக்கும் அதே சத்தம். குண்டடி பட்டவனைப் பற்றி அப்படி எழுதக் கை கூசியது. ‘இண்டாக்ட்’ என்பது சேதமில்லாத ரயில்வே பார்சலுக்கு அவர் வழக்கமாகப் போடுவது. முழுசு என்றால் கைகாலைச் சொல்லுகிறாளா என்று கேட்டார்.

முருகம்மாள் இல்லையென்று தலையாட்டினாள்.

“கை காலு போனாப் போவுது. போனப்ப இருந்த அதே ஆளா இருக்காகளா, வீட்டு நெனப்பு இருக்கா, அதக் கேளுங்க.”

அவருக்குப் பிரம்மநாயகியின் நினைவு வந்துவிட்டது. மனைவி இறந்துபோய் ஆறு வருஷம். ஊருக்கெல்லாம் எழுதியவர் அவளுக்கென்று ஒரு வரி எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருப்பவளுக்கு எதற்குக் கடிதம் என்று இருந்துவிட்டார். முருகம்மாள் கேட்ட இரண்டையும் அப்படியே இரண்டு கேள்வியாக எழுதினார்.

ஐப்பசி மழையில் நனைந்த கவரோடு அவள் மறுபடி வந்தாள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று, உடம்பு தேறிவிட்டது, வீட்டைப் பற்றியே தினமும் பேசுகிறார், ஆனால் இந்தக் கோலத்தில் ஊருக்குப் போகமாட்டேன் என்கிறார் என்று டாக்டர் எழுதியிருந்தார். முருகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை தமிழில், புருஷனுக்கே எழுதச் சொன்னாள்.

“நான் ஆளத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன். வந்து சேருங்க. இம்புட்டுதான்.”

தை பிறந்ததிலிருந்து ரயிலடிக்கு நடையாய் நடந்தாள். மாசியில் ஒரு மத்தியான வண்டியில் வெள்ளத்துரை கக்கத்தில் கட்டையோடு இறங்கித் தலைகுனிந்து நின்றான். அவள் அவன் காலைப் பார்க்கவே இல்லையாம். மெலிந்துபோன அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். வண்டி போன பிறகும் இருவரும் வெகுநேரம் அங்கேயே நின்றார்கள் என்று போர்ட்டர் வந்து நாறும்பூநாதனிடம் சொன்னார்.