மையில் ஏறாத பத்தொன்பது வீடுகள்

மாநகராட்சி மலர் போடுகிறதாம். தன்னோடு சேர்த்து விழுங்கிய பழைய சபைகள் ஒவ்வொன்றைப் பற்றியும் நாலு பக்கம். எங்கள் கடலோர நகரசபையைப் பற்றி எழுத முதலில் கெஜட் அக்காவைத்தான் கேட்டிருக்கிறார்கள். "என் ஞாபகத்தை நம்பி எதையும் அச்சுல போடாதீங்க" என்று போனை வைத்துவிட்டாராம். அப்புறம்தான் என்னிடம் வந்தார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி "பார்க்கலாம்" என்றேன். நாலு பக்கத்தையும் எழுதிக் கொடுத்தாயிற்று. அதில் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

கெஜட் அக்கா எங்கள் தலைமைக் குமாஸ்தா. நான் அவருக்குக் கீழே இரண்டாம் குமாஸ்தா, அவரைவிடப் பத்து வயது சின்னவன். அக்கா வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அரசாங்க கெஜட்டில் வந்த மாதிரி, அப்புறம் அப்பீல் கிடையாது. எந்தத் தீர்மானம் எந்த வருஷம், யார் எதிர்த்து ஓட்டுப் போட்டார், எந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கம், எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். ஒருதடவை சேர்மன் ஏதோ விண்ணப்பத்தில் வயது ஐம்பத்தைந்து என்று எழுதினார். அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, "அய்யா, மூணு வருஷமா ஐம்பத்தஞ்சுலயே நிக்கறீங்களே, ஐம்பத்தாறுக்குப் போக மனசு வரலையா?" என்றார். சேர்மன் சிரித்துக்கொண்டே திருத்தினார். அந்த மாதிரி மனுஷி.

ஆபீஸ் மீன் ஏலக் கூடத்து மாடியில் மூன்று அறை. கீழே ஏலம் சூடு பிடித்தால் மேலே யாரும் யாரோடும் பேச முடியாது, சைகைதான். அந்தச் சபை பிறந்ததே ஒரு சண்டையில். உள்நாட்டுப் பெரிய ஊர்க்காரர்கள், "கடல் உங்க வாசல்ல, சுவரை நீங்களே கட்டிக்கோங்க" என்று கைவிரித்துவிட்டார்கள். ரோஷம் வந்த எங்கள் ஆட்கள் தனிச் சபை கேட்டு வாங்கி, கடல் தடுப்புச் சுவர் கட்டி, அதில் நாலு இரும்புக் கதவு வைத்தார்கள். கதவு உட்பக்கமா வெளிப்பக்கமா திறக்கவேண்டும் என்று முதல் இரண்டு கூட்டமும் அடிதடி. கடைசியில் கொல்லர் ஒருத்தர் வந்து, "வெளிப்பக்கம் வைங்க, தண்ணி வந்து தானே தள்ளி இறுக்கிக்கும்" என்று சொன்ன பிறகுதான் வாயை மூடினார்களாம். கடலையும் பரப்பளவில் சேர்த்து, பெரிய ஊரைவிட நாங்கள்தான் பெரிசு என்று மனுப் போட்ட சேர்மன்கூட ஒருத்தர் இருந்தார். இதெல்லாம் அந்த நாலு பக்கத்தில் இருக்கிறது.

இல்லாதது பென்சில் நோட்டு.

சுவருக்கு வெளியே, மணலில், பத்தொன்பது வீடுகள். அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று சபையின் ஆறாவது தீர்மானம். ஆனால் குடியிருந்தார்கள். மையில் எழுதினால் சபையே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், எழுதாவிட்டால் கடல் ஏறும்போது ஆளை விட்டுவிடுவோம். அதனால் பென்சில். மணல் அரித்து வீடு தள்ளிப் போனால் ரப்பரால் அழித்து மாற்றி எழுதலாம். கடல் ஏறும் நாளில் சங்கு ஊதும். அது சுவருக்கு உள்ளே இருப்பவர்களுக்கு. வெளியே இருப்பவர்களுக்குக் கதவுக்காரர் அந்த நோட்டோடு போய் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார். தட்டி, ஆளை எண்ணி, டிக் அடித்து, கடைசி ஆள் உள்ளே வந்த பிறகுதான் இரும்புக் கதவைச் சாத்துவார். எண்பத்து மூன்று வருஷம் இப்படியே நடந்தது. ஒரு உயிர் போனதில்லை.

அப்புறம் ஒரு நாள் ஒற்றைத் தாளில் உத்தரவு வந்தது: சபை கலைக்கப்பட்டு, பெரிய ஊர் மாநகராட்சியோடு இணைக்கப்படுகிறது. நூற்றுப் பதினான்கு பதிவேடுகளை ஒப்படைக்கவேண்டும். மையில் எழுதி, பக்க எண் போட்டு, கையெழுத்து இருந்தால்தான் வாங்குவார்களாம். அந்த வாரம் அக்காவுக்குத் தலைக்கு மேல் வேலை. அவருடைய அம்மா வேறு ஆஸ்பத்திரியில். ஒரு கை தளவாடப் பதிவேட்டில், ஒரு கை சோற்று டப்பாவில்.

வியாழக்கிழமை மத்தியானம். கீழே ஏலம் முடிந்து கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் மேஜைக்கு வந்து பென்சில் நோட்டை வைத்தார்.

"தம்பி, இதை மையில பிரதி எடுத்துடு. நான் கையெழுத்துப் போடறேன். நூத்திப் பதினஞ்சாவதாச் சேர்த்துடலாம். தீர்மானமாவது மண்ணாங்கட்டியாவது, ஆள் முக்கியம்."

"சரிக்கா" என்றேன்.

செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மறக்கவில்லை. அன்று காலைதான் என்னைப் பெரிய ஊரில் புகார்ப் பிரிவில் போட்டிருப்பதாகத் தாள் வந்திருந்தது. நான் கேட்டது வேறு. கோபம் உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. இனிமேல் யார் ஊரோ, யார் சுவரோ, நான் எதுக்கு மாங்கு மாங்கென்று எழுதணும் என்று நோட்டை என் பைக்குள் திணித்தேன். நாளைக்குப் பார்ப்போம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மறுநாள் குரூப் போட்டோ எடுத்தார்கள். அதற்கு மறுநாள் லாரி வந்து பதிவேடுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அக்கா அன்று ஆஸ்பத்திரியில். நோட்டு என் வீட்டு அலமாரியில்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு மத்தியானம், கடல் ஏறியது. கதவுகளுக்கு இப்போது மோட்டார், கதவுக்காரர் கிடையாது. பெரிய ஊரில் இருந்துகொண்டு ஒருத்தன் பட்டனை அழுத்தினான். சுவருக்கு வெளியே வீடுகள் இருப்பது அவனிடமிருந்த எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சங்கு ஊதியது. வெளியே இருந்தவர்கள் சங்கைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். சங்கு அவர்களுக்கு இல்லையே! கதவைத் தட்டுவார்கள், அப்புறம் கிளம்பலாம் என்று மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். தட்ட யாரும் வரவில்லை. தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு பயந்து ஓடினார்கள், சாத்திய இரும்புக் கதவில் கையால் அடித்தார்கள், சுவர்மேல் ஏறினார்கள். பத்தொன்பது வீட்டிலும் ஒருத்தர் மட்டும் தப்பவில்லை. ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த ஐஸ்காரர். அவர் மனைவி சுவருக்கு உள்ளே வேலைக்குப் போயிருந்தார். தட்டினால் எழுந்துவிடுவார் என்று நம்பித்தான் போயிருக்கிறார்.

செய்தி கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். எரித்தால் வாசனைக்கு வீட்டுக்காரி வந்துவிடுவாள். குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு வாளித் தண்ணீரில் ஊறவைத்தேன். மையாக இருந்தால் கரைந்திருக்கும். பென்சில் எழுத்து கரையுமா? பதினொன்றாவது வீடு, ஐஸ் கம்பெனி, இரண்டு பேர் என்று அக்காவின் கையெழுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கூழாகும்வரை கசக்கினேன். அடப்பாவி, உனக்கு வந்த தைரியம் அவ்வளவுதான்.

விசாரணை அன்று நானும் அக்காவும் வெளி வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் அம்மா போய் நாலு மாதம் ஆகியிருந்தது. ஆள் பாதியாகியிருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பென்சில் நோட்டை உன்கிட்ட குடுத்து எழுதச் சொன்னேனா? சொன்ன மாதிரியும் இருக்கு. அந்த வாரம் என் புத்தி என்கிட்ட இல்லை. நீ சொன்னாச் சரியா இருக்கும்."

என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். என் மேல் பழி போட இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இல்லக்கா. சொல்லலை" என்றேன். அதோடாவது நிறுத்தினேனா? "சொல்லியிருந்தா செஞ்சிருக்க மாட்டேனா?" என்று வேறு கேட்டேன்.

"அதானே. நீ செஞ்சிருப்பே" என்றார் அக்கா. உள்ளே போய், "மறந்துட்டேன். தப்பு என்னுது" என்று சொல்லிவிட்டு வந்தார். விசாரணைக்காரர்கள் நோட்டு எங்கே என்று தேடினார்கள். லாரியில் ஏற்றும்போது குப்பையோடு போயிருக்கும் என்று முடித்துக்கொண்டார்கள்.

பதிவேடுகளை அவரிடமிருந்து பிடுங்கி, பெரிய ஊரில் பிறப்புச் சான்றிதழ் ஜன்னலில் உட்காரவைத்தார்கள். ஒரே வருஷத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். வேலை போனது பெரிசில்லை. அதற்கப்புறம் அவர் தன் தலையை நம்புவதையே விட்டுவிட்டார். அதுதான் நான் செய்த கொலை. இரண்டாவது கொலை.

மலருக்காகப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். ஒற்றைப் படுக்கையறை வீடு. கதவில், ஸ்விட்ச் பலகையில், அலமாரியில் எங்கே பார்த்தாலும் சின்னச் சின்னத் துண்டுத்தாள். 'கேஸ் அணைத்தாயிற்று 10.20.' 'மாத்திரை போட்டாயிற்று.' 'சாவி பைக்குள்.' நாலு மத்தியானம் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "நீ பதிவேட்டைப் பார்த்துச் சரிபண்ணிக்கோ தம்பி, இது ஓட்டைத் தலை" என்பார். நான் போய்ப் பார்த்தேன். ஒரு தேதி தப்பில்லை. கொல்லர் வந்த கூட்டத்தின் பக்க எண்ணைக்கூடச் சரியாகச் சொன்னார்.

நாலாம் நாள் அக்காவின் மகள் வந்திருந்தாள். சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தாள். என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஞாயித்துக்கிழமை எங்கூட கூட்டிட்டுப் போறேன் மாமா. டாக்டர் ஒண்ணுமே இல்லைங்கறார். இவங்கதான், தனியா இருந்தா நான் எதையாவது மறந்து இன்னொரு உயிரைக் கொன்னுடுவேன்னு அழறாங்க. இந்த வீட்டை விட்டுப் போக அவங்களுக்கு இஷ்டமே இல்லை. நான் என்ன பண்ணட்டும்?"

உலகத்தில் ஒரே ஒருத்தன் அவரை அந்த வீட்டிலேயே இருக்கவைக்க முடியும். அவன் அவள் முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"அக்கா, நீங்க சொன்னீங்க. வியாழக்கிழமை மத்தியானம், நோட்டை என் மேஜையில வெச்சு, மையில எழுதச் சொன்னீங்க. ஆள் முக்கியம்னீங்க. நான்தான் எழுதலை. பெஞ்சுல வெச்சு உங்ககிட்ட சொன்னது பொய்."

அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டார்.

"நோட்டு எங்கே?"

"வாளியில ஊறவெச்சுக் கசக்கிட்டேன்க்கா."

அக்கா சிரித்தார். சமையலறைப் பக்கம் பார்த்து, "இவ சொல்லிக் கூட்டிட்டு வந்தாளா?" என்றார்.

"இல்லக்கா, சத்தியமா..."

"சத்தியமெல்லாம் பண்ணாதே. உன்னை எனக்குத் தெரியாதா? அன்னிக்கு நீ நினைச்சிருந்தா, சொன்னீங்கக்கான்னு எனக்குச் சாதகமா மழுப்பியிருக்கலாம். நேருக்கு நேர் இல்லைன்னு சொன்னே. என் புத்தியில இருந்த எதையும் நான் நம்பலை, நீ சொன்னதைத்தான் நம்பினேன். இப்ப எனக்காக இரக்கப்பட்டு இந்தப் பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கப் பார்க்கறே. ஒருத்தர் செத்த விஷயம் தம்பி. இப்படி விளையாடக் கூடாது."

கத்தினேன். நிஜமாகவே கத்தினேன், பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அக்கா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மகளிடம் போய் மறுபடி ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மாவுக்காக இவ்வளவு தூரம் வருவீங்கன்னு நினைக்கலை மாமா. ரொம்ப தேங்க்ஸ்" என்றாள். தாயும் மகளும் என்னை நல்லவன் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளை நான்தான் வேனில் ஏற்றினேன். முன் சீட்டில் உட்கார்ந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்கிட்ட ஒரு வேலை குடுக்கறேன். ஐஸ்காரர் வீட்டம்மாவுக்கு இப்போ கண் சரியாத் தெரியறதில்லை. மாசத்துல முதல் சனிக்கிழமை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன். பன்னெண்டு வருஷமாப் போய்ப் பார்த்துக்கிட்டிருக்கேன், யார்கிட்டயும் சொன்னதில்லை. நான் பண்ணின பாவத்துக்கு நீ அலையணும்னு தலையெழுத்தா? ஆனா உன்னைத் தவிர வேற யாரை நம்பி விடுவேன்?"

"சரிக்கா" என்றேன். அந்த வியாழக்கிழமை சொன்ன மாதிரி இல்லை.

நாளைக்கு முதல் சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு அந்தம்மா வாசலில் காத்திருப்பாராம். போகும் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்று நாலு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அக்கா நம்பவில்லை. இந்த அம்மா நம்பிவிடுவார். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.