பன்னெண்டு புள்ளைங்களோட பாட்டு வாத்தியார்

முருகையா வாத்தியார் மாதிரி பேசிக் காட்டச் சொன்னா நா ஒடனே காட்டிருவேன். கழுத்த ஒரு பக்கமா சாச்சுக்கிட்டு, மூக்கால, "கண்ணுகளா, வாயத் தொறங்க, ஈ ஒண்ணும் போயிராது!" லயத்து வீட்டு வரிசையே சிரிக்கும். அவரு காதுல விழற மாதிரி மட்டும் இப்ப செய்யறதில்ல.

அவருக்குத் துறையூர்ப் பக்கம். அக்காவும் அக்கா புருஷனும் பதுளைச் சீமைத் தேயிலைத் தோட்டத்துல காய்ச்சல்ல போயிட்டாங்கன்னு கடுதாசி போனதும், அக்கா மக மாரியாயியக் கூட்டிட்டுப் போகக் கப்பலேறி வந்தாரு. வந்து பாத்தா எட்டு வயசுப் புள்ள கொழுந்துக் கூடையோட நிக்குது.

"அவ பேரு செக்ரோல்ல, கூலிப் பேரேட்டுல, ஏறிருச்சுடா தம்பி. தொரை விட்டாத்தான் போகலாம்"னாரு பெரிய கங்காணி.

தொரை விடல. வாத்தியாரு ஆர்மோனியப் பொட்டியோட பங்களா வாசல்ல மூணு நாளு நின்னாரு. "எனக்குச் சம்பளம் வேணாங்க. புள்ளைங்களுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லித் தாரேன். படிக்கிற புள்ளைய மலைக்கு அனுப்பாம இருந்தாப் போதும்."

தொரை சுருட்டக் கடிச்சுக்கிட்டே, "சம்பளம் வாணாம்? நீ பைத்தியம் மேன்? சரி. பன்னெண்டு புள்ளை, மூணு மாசம். அப்பறம் பள்ளிக்கூடம் பாக்குற தொரை வரும். நல்லா பாடினா பள்ளிக்கூடம் இருக்கும். பாடலே, எல்லாம் பெரட்டு!"

அந்தப் பன்னெண்டுல மாரியாயியும் ஒருத்தி, நானும் ஒருத்தி.

பெரட்டுன்னா, விடியறதுக்கு முன்ன தப்பட்டை அடிப்பாங்க. சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓடிப்போய் வரிசையா நிக்கணும். கங்காணி பேரு கூப்பிடுற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. தப்பட்டை நின்னப்பறம் வந்தா அரைப்பேரு, அரை நாள் கூலிதான். பகல்ல அடிச்சா இன்னும் மோசம். தொரை அவசரமாக் கூப்பிடுறாருன்னு அர்த்தம். கையில இருக்கிறதப் போட்டுட்டு ஓடணும்.

வாத்தியாருக்கு இது தெரியாது. தோட்டத்துல எடம் குடுக்கல. பசறை பசார்ல ஸலீம் நானா துணிக்கடைக்குப் பின்னால படுத்துக்கிட்டாரு. அவரு மலையேறி வந்து சேர்றப்ப பெரட்டு கலைஞ்சு ரொம்ப நேரமாயிருக்கும்.

மூணாம் மாசம் அடமழை. பனி உள்ள போயி ஆர்மோனியம் கெழவனாட்டம் இருமுச்சு. "அடுப்போரமா வைங்க வாத்தியார், சரியாப் போகும்"னாரு நானா. வச்சாரு. காலையில துருத்தித் தோலு வெடிச்சுக் கெடந்துச்சு. அன்னைக்குத்தான் தொரைமாரு வார நாளு.

ரெண்டு தொரையும் நாக்காலியில ஒக்காந்துட்டாங்க. ஆர்மோனியம் இல்லாம எங்களுக்குச் சுருதி பிடிபடல. ஒருத்தருக்கும் சத்தம் வரல.

"கண்ணுகளா... பாடுங்க கண்ணுகளா..." அவரு சுத்திச் சுத்திப் பாத்தாரு. பக்கத்துப் பெரட்டுக் கொட்டகையில ஆணியில தப்பட்டை தொங்குச்சு. பாஞ்சு போய் எடுத்தாரு.

"வேணாம் மாமா!"ன்னா மாரியாயி.

"பயப்படாத தாயி, தாளத்துக்குத்தான்."

மூணு அடிதான். பெரட்டு வரிசைக்கு மொத ஓடுனது மாரியாயிதான். பின்னால நாங்க எல்லாரும். "பாடுங்க! ஓடாதீங்க, பாடுங்க!"ன்னு அவரு இன்னும் பலமா அடிச்சாரு. அவரு அடிக்க அடிக்க நாங்க இன்னும் வேகமா ஓடுனோம். மேமலையிலருந்து பொம்பளைங்க கூடையோட சரிஞ்சு எறங்குறாங்க. எங்கம்மா கருப்பம்மா கூடைத் தலைக்கயிறு கழுத்துல மாட்டுனபடியே வந்து, "யாரு செத்தா? என்னா ஆச்சு?"ங்குது.

பள்ளிக்கூடத் தொரை சிரிச்சுச் சிரிச்சு இருமுனாரு. எங்க தொரைக்குச் சிரிப்பு வரல, வேலை நின்னுபோச்சே.

வாத்தியாரு ஓடி வந்து எங்க முன்னால முட்டி போட்டாரு. "ஒரே ஒரு அடி பாடுங்க. மாரியாயி, நீயாச்சும் பாடு தாயி. ஒன்னக் கும்புடுறேன்."

பெரட்டுல வாயத் தொறக்க முடியுமா? மாரியாயி கண்ணுலருந்து தண்ணி கொட்டுது, ஒதடு அசையல.

கங்காணி புஸ்தகத்தோட வந்தாரு. "மாரியாயி!"

"இருக்கேங்க சாமி."

பன்னெண்டு பேரும் சொன்னோம். பள்ளிக்கூடத் தொரை காதுல விழுந்தது அது மட்டுந்தான். மறுநாளு பள்ளிக்கூடத்துல உர மூட்டைய அடுக்கிட்டாங்க.

"ஊரு போய்ச் சேருடா"ன்னாரு கங்காணி. "புள்ளையில்லாம எப்படிங்க போவேன்?"ன்னு வாத்தியாரு லயத்து வாசல்லயே கெடந்தாரு. தப்பட்டைக்காரன் காலொடிஞ்சு பதுளை ஆசுபத்திரியில இருந்தான். "சரி, நீதான் நல்லா அடிக்கிறியே"ன்னு தப்பட்டைய அவரு கையிலயே குடுத்துட்டாரு கங்காணி.

இப்ப அஞ்சாறு வருஷமா அவருதான் அடிக்கிறாரு. நாங்க பன்னெண்டு பேரும் வந்தாச்சான்னு எண்ணிக்கிட்டே அடிப்பாரு. மாரியாயிக்கு நெஞ்சு வலி, எப்பவும் கடைசிதான்.

"போதும், நிறுத்துடா!"ன்னு கங்காணி கத்துவாரு.

"இந்தா, ஆச்சுங்க." நிறுத்த மாட்டாரு.

நேத்துக் கை வெடிச்சுத் தப்பட்டையில ரத்தம். மாரியாயி இன்னும் படியில ஒவ்வொண்ணா எறங்கிக்கிட்டிருந்தா. அவரு அடிச்சுக்கிட்டே இருந்தாரு.