கிணற்று மணி பன்னிரண்டு

சேமித்து வைத்த சின்ன வெங்காயம் பட்டறையிலேயே அழுகி, ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்ததே ஒரு மழை வருஷம், அதற்கு அடுத்த வருஷம் வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில்தான் என் மகள் அந்த வாட்ச்சைக் கொண்டுவந்தாள். எனக்கு வருஷக் கணக்கு வராது. பள்ளிக்கூடம் போனவனில்லை. வெங்காயம் அழுகியது, மாடு கிணற்றில் விழுந்தது, மகள் கல்யாணம், இவற்றை வைத்துத்தான் காலத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன். இதையும் நான் சொல்லச் சொல்ல வேறொருவர்தான் எழுதுகிறார்.

அதற்கு முன்னால் நான் விழுந்த கதையைச் சொல்ல வேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை. வெங்காயக் கொல்லையில் தண்ணீர் மடையைத் திருப்பக் குனிந்தேன், தலை சுற்றியது, வாய்க்காலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேன் என்று நான் சொல்வேன். விழுந்து கிடந்தார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் ஏற்றினார்கள். மகள் அரியலூரிலிருந்து ஓடிவந்து கையோடு என்னைக் கூட்டிப் போய்விட்டாள்.

அரியலூரில் நன்றாகத்தான் வைத்துக்கொண்டாள். ஆனால் அங்கே எனக்கு வேலை இல்லை. சிமெண்டு லாரி போகும், தூசி வரும், மகள் துடைப்பாள், அடுத்த லாரி வரும். ஆலையில் சங்கு ஊதினால் யாரோ வேலைக்குப் போகிறார்கள், யாரோ வீட்டுக்கு வருகிறார்கள் என்று தெரியும். எனக்கு அந்தச் சங்கோடு ஒரு சம்பந்தமும் இல்லை. கொஞ்ச நாளில், "நான் ஊருக்குப் போறேன் பாப்பா" என்றேன்.

"அம்மாவும் இல்ல. அங்க தனியா என்னத்தப்பா பண்ணப் போறீங்க?"

"கெணறு இருக்குல்ல."

அப்போது போகவிட்டாள். பின்னாலேயே வாட்ச்சோடு வந்தாள்.

கறுப்பாக, தீப்பெட்டி மாதிரி இருந்தது. முள் இல்லை. தொட்டால் விளக்கு எரிகிறது. நாடி பார்க்குமாம். ஆள் விழுந்துவிட்டால் தெரிந்துகொண்டு, என் சட்டைப்பையில் இருக்கும் போன் வழியாக அவளைக் கூப்பிடுமாம். "இத கையில கட்டியிருந்தீங்கன்னா நீங்க கொல்லைக்குப் போங்க, கெணத்துக்குப் போங்க, நான் ஒண்ணும் கேக்கல. கழட்டுனீங்கன்னா எனக்கு இங்கேருந்தே தெரிஞ்சிடும். அப்புறம் மூட்டையக் கட்டிக்கிட்டு அரியலூர்தான்" என்றாள்.

இவ்வளவுதான் ஒப்பந்தம். ஆனால் என் கையில் ஏற்கெனவே ஒரு வாட்ச் இருந்தது.

அது என் அண்ணனுடையது. எறையூர் சர்க்கரை ஆலைக்கு நாங்கள் கரும்பு போட்டுக்கொண்டிருந்த காலத்தில் திருச்சியில் வாங்கினார். தினமும் சாவி கொடுக்க வேண்டும். காதில் வைத்தால் வெல்லத்தை எறும்பு கொறிக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை அண்ணன் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காதில் வைத்துக் காட்டுவார். எங்கள் மாமா ஒருவர் காது கேட்காதவர், அவரும் வைத்துப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அது கிடக்கட்டும்.

எங்கள் கிணறு பங்குக் கிணறு. பாதி அண்ணனுக்கு, பாதி எனக்கு. ஒரே மோட்டார். காலையில் கரண்ட் வந்ததும் ஒருவர் பாய்ச்சத் தொடங்குவார், பன்னிரண்டு மணிக்கு மற்றவர் பக்கம் மடையைத் திருப்பிவிட வேண்டும், அவர் கரண்ட் போகிறவரை பாய்ச்சுவார். இன்றைக்கு நான் முன் என்றால் நாளைக்கு அவர் முன். ஆரம்பத்தில் என்னிடமும் ஒரு வாட்ச் இருந்தது. அதில் பன்னிரண்டு ஆகும்போது இதில் ஆகாது, இதில் ஆகும்போது அதில் ஆகாது. இரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டு வரப்பில் நின்று கத்துவோம். ஒருநாள் எங்கள் அப்பா வந்து, "ஒரு கெணத்துக்கு ஒரு வாட்ச்சுதான்டா. எவனாவது ஒருத்தன் கழட்டுங்க" என்றார். நான் இளையவன், நான் கழற்றினேன்.

அண்ணனுக்கு எப்போதும் பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று பயம். அதனால் வாட்ச்சைப் பத்து நிமிஷம் கூட்டித்தான் வைப்பார். ஆகவே எங்கள் கிணற்றுக்கு மணி பன்னிரண்டு அடிக்கும்போது ஊருக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கும். முன்முறைக்காரனுக்குப் பத்து நிமிஷம் குறையும், பின்முறைக்காரனுக்குப் பத்து நிமிஷம் கூடும். மறுநாள் அது மாறிவிடும். யாருக்கும் நட்டமில்லை. கரண்டுக்காரனுக்கு ஒரு மணி, கிணற்றுக்கு ஒரு மணி என்று பழகிப்போனது.

அண்ணன் போன பிறகு, காரியம் முடிந்த அன்று அண்ணி அந்த வாட்ச்சைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். "மடை திருப்புறவரு கையில இருக்கட்டும் தம்பி" என்றார்கள். அன்றிலிருந்து நானும் சாவி கொடுப்பேன், முதல் பஸ்ஸைப் பார்த்துப் பத்து நிமிஷம் கூட்டி வைப்பேன்.

இப்போது மகள் புது வாட்ச்சைக் கட்டிவிட்டுப் போனதும், அண்ணன் வாட்ச்சை டிரங்குப் பெட்டியில் துணிக்கடியில் வைத்தேன். இரண்டையும் கட்டிக்கொண்டு போனால் டீக்கடையில் சும்மா விடுவார்களா? இரண்டு நாளாவது ஓட்டுவார்கள்.

முதல் நாள் அண்ணி முன், நான் பின். புது வாட்ச்சில் எண் மட்டும்தான். எழுத்து தெரியாவிட்டாலும் பஸ் நம்பர் பார்த்துப் பழகியதால் எண் தெரியும். பன்னிரண்டு என்று வந்ததும் என் பக்கம் திருப்பினேன். அன்றைக்கு அண்ணிக்குப் பத்து நிமிஷம் கூடத்தான் கிடைத்தது. மறுநாள் நான் முன். மறுபடி அதில் பன்னிரண்டு என்று வந்த பிறகுதான் அண்ணி பக்கம் திருப்பினேன். நியாயமான மணி, அரசாங்கத்து மணி. எனக்கு மனசில் ஒரு உறுத்தலும் இல்லை.

அண்ணியின் வெங்காயம் அப்போது காய் பிடிக்கிற பருவம். சாயங்காலம் கரண்ட் போய்விட்டது, கடைசிப் பாத்தி நனையவில்லை.

நான் ஒற்றை ஆள் என்பதால் மத்தியானச் சோறு அண்ணி வீட்டிலிருந்துதான் தூக்குவாளியில் வரும். அதற்கடுத்த நாள் வாளியைத் திறந்தால் சோறு மட்டும் இருந்தது. குழம்பு வரவில்லை. எங்கள் அண்ணி சண்டை போடுகிற விதம் அது.

வெறும் சோற்றோடு போய் நின்றேன்.

"என்ன அண்ணி, கொழம்பு கொதிக்கலையா?"

"கொதிச்சுச்சு. ஆனா ஒங்க புது வாட்ச்சுல இன்னும் நேரமாவல. கடைசிப் பாத்தி கெடக்குற கெடப்பப் பாத்தீங்களா? வெங்காயம் காயி புடிக்கிற நேரத்துல அதோட வாயில மண்ணப் போட்டுட்டீங்களே!"

"நான் சரியா பன்னெண்டுக்குத்தானே அண்ணி திருப்புனேன்?"

"யாரு மணிக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முன் அண்ணி முன்முறை போன நாட்களிலெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பின்முறையில் அது திரும்பக் கிடைக்கும், கடைசிப் பாத்தி நனையும் என்பதுதான் கணக்கு. முன்முறையில் நான் கூடக் கொடுத்தது ஏற்கெனவே நனைந்த பாத்திக்குத்தான் போயிருக்கும். நான் நடுவில் சரியான மணியைக் கொண்டுவந்து அதை அறுத்துவிட்டேன்.

"இந்த வாட்ச்சையும் பத்து நிமிஷம் கூட்டி வச்சுடறேன்" என்று சொல்லி, அங்கேயே மகளுக்குப் போன் போட்டேன்.

"அதெல்லாம் கூட்ட முடியாதுப்பா. அதுவே போனப் பாத்து சரியான நேரத்தக் காட்டிக்கும்."

"சரியான நேரம் வேணாம் பாப்பா. நம்ம நேரம்தான் வேணும்."

"அப்பா, தலகில சுத்துதா? மாத்திர போட்டீங்களா?"

போனை வைத்துவிட்டேன். "பன்னெண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே திருப்பிடறேன் அண்ணி" என்றேன்.

"இன்னிக்கு நெனப்பிருக்கும். நாளைக்கு யாராவது வந்து பேச்சுக் குடுத்தா மறந்துருவீங்க. நீங்க பேச ஆரம்பிச்சா வெங்காயம் மொளச்சுடும். பாத்தா பன்னெண்டு தெரியணும், அதான் கெணத்துக்கு ஆவும்."

வீட்டுக்குப் போனேன். புது வாட்ச்சைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தேன், அண்ணன் வாட்ச்சை எடுத்துச் சாவி கொடுத்து, பத்து நிமிஷம் கூட்டி வைத்துக் கட்டிக்கொண்டேன். கை நிறைந்த மாதிரி இருந்தது. மோட்டார் கொட்டகை போய்ச் சேர்வதற்குள் போன் அடித்தது.

"அப்பா, ஏன் கழட்டுனீங்க? நாளைக்கு வண்டிய அனுப்புறேன். துணிய எடுத்து வைங்க."

அண்ணி வரப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாப்பாவா? அரியலூருக்குக் கூப்புடுதா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அங்கே போனால் இனித் திரும்பி வரமாட்டேன் என்று இருவருக்கும் தெரியும். கிணறு மட்டுமில்லை, அந்தத் தூக்குவாளி, டீக்கடை, அண்ணியின் வசவு எல்லாம் அதோடு சரி.

அண்ணி வாய்க்காலில் கால் கழுவினார்கள். பிறகு கையை நீட்டினார்கள்.

"கொண்டாங்க."

"எத?"

"எங்க வூட்டுக்காரரு வாட்ச்ச. நீங்க போயி அந்தத் தீப்பெட்டியக் கட்டிக்குங்க."

"ஒங்களுக்கு முள்ளு பாக்கத் தெரியுமா அண்ணி?"

"ஏன் தெரியாம? அவரு பஸ்ஸுக்கு ஓடுன ஓட்டத்துக்கு நான்தானே மணி பாத்துச் சொல்லுவேன். பத்து நிமிஷம் கூட்டி வச்சதே நான்தான். இல்லன்னா அந்த மனுசன் ஒரு பஸ்ஸும் புடிச்சிருக்க மாட்டாரு."

இத்தனை வருஷமும் அது அண்ணன் செய்த வேலை என்று நினைத்திருந்தேன்.

கழற்றிக் கொடுத்தேன். அண்ணி மணிக்கட்டுக்கு அது பெரிது. வளையலுக்கு மேலே, முழங்கைக்குப் பக்கத்தில் ஏற்றிக் கட்டிக்கொண்டார்கள். மறுநாள் நான் முன்முறை. மண்வெட்டியோடு வரப்பைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். "பன்னெண்டு ஆச்சு, திருப்புங்க!" என்று குரல் வந்தது. என் கையைப் பார்த்தேன், அதில் இன்னும் ஆகவில்லை. திருப்பினேன். சாயங்காலம் கடைசிப் பாத்தியும் நனைந்தது. அதற்கடுத்த நாள் வாளியில் கருவாட்டுக் குழம்பு.

இப்போது இப்படித்தான் ஓடுகிறது. எனக்கு ஊர் மணி, அண்ணிக்குக் கிணற்று மணி. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள், தண்ணீருக்கு அண்ணியிடம் கேட்கிறார்கள். தீப்பெட்டியும் மோசமில்லை. இருட்டில் தொட்டால் வெளிச்சம் வருகிறது. ஒரே ஒரு தொந்தரவு. மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் நான் விழுந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்கிறது. என்னென்னவோ கேட்டுக் கத்துகிறது. எதைத் தொட்டு அடக்குவது என்று நான் பார்ப்பதற்குள் மகளுக்குப் போய்விடுகிறது. அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போனில் அழுகிறாள்.

நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள். நீங்கள் அரியலூர்ப் பக்கம் போனால் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வாட்ச் கூப்பிட்டால் முதலில் பெரியம்மாவுக்குப் போன் போடச் சொல்லுங்கள். நான் விழுந்தேனா, வரப்புதான் வெட்டுகிறேனா என்று அண்ணி எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பன்னிரண்டு மணி வாக்கில் மட்டும் போட வேண்டாம். அப்போது அண்ணி மடை பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊர்ப் பன்னிரண்டு இல்லை, எங்கள் பன்னிரண்டு. அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.