ராக்னா வெட்டிய கம்பளிச் சட்டை

எதிரே வருகிறவரின் கம்பளிச் சட்டை ஓரத்தைப் பிடித்துத் திருப்பி, உட்புறத்தைப் பார்த்த பிறகுதான் ராக்னா அவர் முகத்தைப் பார்ப்பாள். படகுத்துறை, மீன்கடை, ஆலய வாசல், எங்கேயும் இப்படித்தான். புதிதாக வந்த போதகருக்கும் முதல் நாளே இது நடந்தது. "பரவாயில்ல, காத்து நுழையாது" என்றாள். அவள் வாயிலிருந்து வரும் ஆகப்பெரிய பாராட்டே அதுதான். அது தெரியாமல் போதகர் முகம் வாடி வீட்டுக்குப் போனார்.

அவளுக்கு வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷம் தீவுக்கும் கரைக்கும் ஓடுகிற படகில் சீட்டுக் கிழித்தவள். அக்கரை போய்த் திரும்புவதற்குள் ஒரு கையுறையின் கட்டைவிரலை முடித்துவிடுவாள். இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் சபைக் கூடத்தில் பின்னல் வகுப்பு நடத்துகிறாள். பதினொரு பெண்கள், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், பெரிய கெண்டி நிறையக் காப்பி.

பின்னலுக்கான கோலங்களையும் அவளே வரைவாள். ஆராதனையில் கொடுக்கும் பாட்டுத்தாளின் பின்பக்கம் கட்டம் போட்டுக்கொண்டு குனிந்திருப்பாள். ஜெபிக்கிறாயா, வரைகிறாயா என்று கேட்டால், "ரெண்டும்தான் நடக்குது" என்பாள். ஜன்னல் கண்ணாடியில் பூக்கும் பனி, ஆலயச் சுவரின் பாசி, கடல்வாத்தின் கால்தடம் எல்லாம் அவள் கட்டங்களுக்குள் புகுந்து தீவுக்காரர்களின் தோளில் ஏறியிருக்கின்றன. தோளுக்குக் கீழே மட்டும் பழைய வழக்கம்தான்: கறுப்புக் கம்பளியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். அதற்கு இங்கே பேன் என்று பேர். "தலையில வந்தா மறைப்பீங்க, சட்டையில வந்தா காட்டிக்கிட்டுத் திரிவீங்க" என்று தபால்காரரைச் சீண்டுவாள். அவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது.

அவள் பாடத்தில் அதிகம் கேட்கும் சொல் "பிரி." பின்னலின் கண்ணிகளை அவள் கண்ணால் எண்ணுவதில்லை, பெருவிரலால் தடவுவாள். ஒரு கண்ணி குறைந்தாலும் விரல் நின்றுவிடும். "பிரி கண்ணு. நூல் எங்கயும் ஓடிப்போகாது." பிரித்தவர் திரும்பப் பின்னி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, கற்கண்டை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு காப்பி குடிப்பாள்.

எங்கள் பக்கத்துச் சட்டையை முதலில் மூடிய குழாயாகத்தான் பின்னுவார்கள். பின்னி முடித்து, நடு நெஞ்சில் மேலிருந்து கீழாக இரண்டு தையல் ஓட்டி, இரண்டுக்கும் நடுவே கத்தரியால் வெட்டித் திறப்பார்கள். மாசக்கணக்கில் பின்னியதை வெட்ட யாருக்கும் கை வராது. அதனால் எல்லோருக்கும் ராக்னாவே வெட்டிக்கொடுப்பாள். கத்தரி முதுகுப்பக்கத்தையும் கவ்விவிடாமலிருக்க, குழாய்க்குள் ஒரு ரொட்டிப் பலகையைச் செருகிக்கொள்வாள்.

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை யோருன் தன் சட்டையைக் கொண்டுவந்தாள். மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலை செய்கிறவள். இலையுதிர் காலத்தில் அவள் கணவன் ஆர்வித்தின் படகு கவிழ்ந்தது. மீட்புப் படகுத் தலைவர் ஸ்டெய்னார்தான் அவனைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டார். அவருக்காக நாலு மாசம் பின்னிய சட்டை அது. அடுத்த திங்களன்று அவர் வடக்கே வேறு துறைக்கு மாறிப்போவதாக இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொடுப்பதாக ஏற்பாடு.

அன்றைக்குத் தபால்காரரின் பிறந்தநாள். ரொட்டிப் பலகைமேல் கேக் இருந்தது. "இருக்கட்டும், உள்ள என் கைய வெச்சுக்கிறேன்" என்றாள் ராக்னா. சிரிப்பும் பேச்சுமாக இருந்ததில் கையைக் கேக்குக்கு நீட்டினாளே தவிர, திரும்ப உள்ளே வைக்க மறந்துபோனாள். அடுத்த வெட்டில் கத்தரி கனத்தது. விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. முதுகின் நடுவே, சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிசல்.



"கேக்குக்குப் பலகை இருந்துச்சு, சட்டைக்கு இல்லாமப் போச்சு" என்று வகுப்பிலேயே மூத்தவளான கூத்ருன் முணுமுணுத்தாள்.

"நாலு மாசம், ராக்னா" என்றாள் யோருன். கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "என் வீட்டுக்காரனத் திருப்பிக் குடுத்த மனுஷனுக்கு நான் இப்ப எதக் குடுப்பேன்?"

"பலகை வைக்காம வெட்டினேன். தப்பு என்னோடது" என்றாள் ராக்னா எல்லோர் முன்பும். "ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமான்னு சத்தியமா தெரியல. ஆனா எங்கிட்டக் குடுத்துட்டுப் போ."

அதே சாயத்தில் மிச்ச நூல் இல்லை. அந்தச் சட்டையின் கைமுனையிலேயே இரண்டு சுற்றைப் பிரித்து நூல் எடுத்தாள். இந்தக் குளிரில் பகல் ஐந்தாறு மணி நேரம்தான். வெளிச்சம் வந்ததும் ஜன்னலடியில் உட்கார்ந்து, அறுந்த ஒவ்வொரு கண்ணியையும் ஊசிமுனையில் பிடித்து, நூலைக் கோத்து, பக்கத்துக் கண்ணியோடு சேர்த்தாள். வெளிச்சம் போனதும் எழுந்துவிடுவாள். விளக்கு வெளிச்சத்தில் கறுப்பில் கறுப்பு தெரியாது. வெள்ளி மத்தியானம் பாதிதான் ஆகியிருந்தது. "ஆண்டவரே, நாளைக்கு மட்டும் மேகம் வேண்டாம்" என்று கேட்டாள். சனிக்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது.

ஞாயிறு காலை யோருன் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவளால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ராக்னாவைக் கட்டிக்கொண்டாள். "அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாத. யாருக்கும் தெரியப்போறதில்ல."

"எனக்குத் தெரியுதே, யோருன். சொன்னா உன் பரிசு குறைஞ்சு போயிடுமா?"

யோருன் சட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். "சரி, சொல்லு. நானும் பக்கத்துல நிக்கிறேன்."

ஆராதனைக்குப் பிறகு காப்பி மேசை அருகே ஸ்டெய்னார் சட்டையைப் போட்டுக்கொண்டார். பெரிய உடம்பு, வார்த்தை வராத வாய். ராக்னா அவர் கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் வளைத்து, அவருடைய விரலை ஓரிடத்தில் வைத்தாள்.

"இங்கதான் நான் வெட்டிட்டேன். ஒட்டுப் போட்டது. யோருன் பின்னினதுல ஒரு குத்தமும் கிடையாது."

விரல் அங்கே தடவித் தடவி நின்றது. "ஒண்ணும் தட்டுப்படலயே" என்றார். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். யோருன் பக்கத்தில் நின்ற ஆர்வித்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் முதல்ல தப்பான பாறையைச் சுத்திட்டேன். இருபது நிமிஷம் வீணாப் போச்சு. நீ தண்ணியில கிடந்த. இத நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

ஆர்வித் வாயிலிருந்த பணியாரத்தை விழுங்கினான். "இருபது நிமிஷமா? எனக்கென்னவோ நீங்க வந்தது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு."

யோருன் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். ஸ்டெய்னார் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கதவுப்பக்கம் நகர்ந்தார். வெளியே பனிக்காற்று வீசிக்கொண்டிருந்தது. ராக்னா அவர் வழியை மறித்து நின்று, கழுத்தடியில் மாட்டாமல் விட்டிருந்த வெள்ளீயக் கொக்கியை மாட்டி, அதன்மேல் பெருவிரலை ஒருகணம் அழுத்தி வைத்திருந்தாள்.